சரிபாதி

எண்ணூரில் அவனுக்கு வேலை, கன்டெய்னர் யார்டு.
எனக்குச் சோழிங்கநல்லூர்,
மூக்குக்கண்ணாடிக் கம்பெனியில் லென்ஸ் தேய்ப்பது.
கல்யாணமாகிப் பன்னிரண்டாம் நாள்
மளிகைக்கடைக் காலண்டரின் முதுகில்
சகாயம் ஊரை வரைந்தான்.
கடலுக்கு மட்டும் கோடு போடவில்லை,
"அங்க யாரும் வாடகைக்கு விட மாட்டாங்க."
மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி,
நடுவில் ஸ்கேல்.

சரிபாதி திருவல்லிக்கேணியில் விழுந்தது.

போய்ப் பார்த்தோம். மேன்ஷன், மேன்ஷன், மேன்ஷன்.
மாடிக்கு மாடி லுங்கி காய்ந்தது.
ஒரு மேனேஜர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்:
"தம்பிக்கு இடம் இருக்குமா.
நீங்கதான் கஷ்டம்."

அரை விரல் தெற்கே நகர்ந்தோம், மயிலாப்பூர்.
கேட்டில் சின்னப் பலகை: சைவம் மட்டும்.
அடுத்த வீட்டில் பலகை இல்லை.
சகாயத்தின் பெயரைக் கேட்டுவிட்டு
வாயால் சொன்னார்கள்.
அரை விரல் மேற்கே, பத்து மாத அட்வான்ஸ்,
லிஃப்ட் உண்டு, தண்ணீர் லாரியில் வரும்,
காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாசம் பிடித்தம்.
வந்து சேரும் முன்பே போவதற்கு விலை.

புரோக்கர் முனிரத்தினத்துக்கு எல்லாமே பத்து நிமிஷம்.
பெரம்பூரா, ஸ்டேஷன் பத்து நிமிஷம்.
வேளச்சேரியா, பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷம்.
அது அவருடைய மொபெட்டின் நிமிஷம்.
நாங்கள் நடந்த நிமிஷம் வேறு,
நவம்பரில் செருப்பைக் கையில் பிடித்து
நடக்கப்போகிற நிமிஷம் வேறு.

திருவொற்றியூர் வீடு எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.
மொட்டைமாடி, நல்ல தண்ணீர், வாடகை நாலாயிரம் குறைவு.
சகாயம் கணக்குப் போட்டான்:
"எனக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபா.
உனக்குப் பிங்க் பஸ்ல காசே கிடையாது.
காசு குடுக்கிறவன் பக்கத்துல போறேன்,
காசில்லாம போறவ தூரமாப் போற.
எல்லாம் மிச்சம்தானே?"
கணக்கு சரி.
நானே இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.

மறுநாள் லீவு போட்டு
அந்த வீட்டு வாசலிலிருந்து
என் கம்பெனி வாசல் வரை ஒத்திகை பார்த்தேன்.
பிராட்வேயில் இறங்கி,
காசு வாங்கும் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு
பிங்க் பஸ்ஸுக்கு நின்று,
அடையாறு வருவதற்குள் பாட்டில் தண்ணீர் தீர்ந்து,
டைடல் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது.
இரண்டு மணி ஐம்பது நிமிஷம்.
திரும்பவும் அதே.

ராத்திரி அவன் கையில்
நான்கு இலவச டிக்கெட்டுகளையும் வைத்தேன்.
"இதுல விலை எங்க போட்டிருக்குன்னு பாரு."
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
பிறகு ஸ்கேலை வைத்துவிட்டு
தண்டவாளத்தை வரைய ஆரம்பித்தான்.

சிந்தாதிரிப்பேட்டை. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால்,
மூன்றாம் மாடி. படி ஓர் ஆள் அகலம்.
தனகோட்டியம்மா சமையலறை ஜன்னலைத்
தானே திறந்து காட்டினார்.
"கூவம். மத்தியானத்துல நாறும்.
அதுக்காக ஐந்நூறு கொறச்சிருக்கேன்.
மழையில நாறாது,
அதுக்காக ஏத்த மாட்டேன்."
இரண்டு மாதமாக இந்த ஊரில்
குறையை முதலில் சொன்ன வீடு இதுதான்.
சைவமா என்று யாரும் கேட்கவில்லை.
கீழே வஞ்சிரம் வெட்டும் சத்தம்.

பீரோ படியேறவில்லை. அக்கா வீட்டில் கிடக்கிறது.

காலையில் இருவரும் பறக்கும் ரயிலுக்குப் போகிறோம்.
அவன் கடற்கரைப் பக்கம், அங்கே எண்ணூர் வண்டி.
நான் திருவான்மியூர் வரை, அப்புறம் பஸ்.
அவனுக்கு எழுபது நிமிஷம்,
எனக்கு எழுபத்தைந்து.
அந்த ஐந்து நிமிஷத்துக்கு
ராத்திரிப் பாத்திரம் அவன் கழுவுகிறான்.

நேற்று என் ரயில் ஆறு நிமிஷம் லேட்.
அடிப்பிடித்த குக்கரைத்
தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.